குழுவோடு ஓட்டப் போகிறவர்களுக்கு: சைக்கிள் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பினாங்கிலும் செபராங் பிறையிலும் வார இறுதிகளில் ஓட்டும் சைக்கிள் குழுக்களில் புதிதாகச் சேரவிருப்பவர்களிடமிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 38. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஞாயிறுதோறும் தீவைச் சுற்றிவரும் குழு ஒன்றில் சேரும்படி நண்பர்கள் அழைக்கிறார்கள். என்னிடம் 4,000 ரிங்கிட் இருக்கிறது. அந்தப் பணத்திற்குப் பழைய கார்பன் பந்தய சைக்கிள் ஒன்று கிடைக்கும் என்கிறார் குழு நண்பர். கடைக்காரரோ புதிய அலுமினிய சைக்கிளைக் காட்டுகிறார். எதை வாங்கலாம்?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கார்பனா அலுமினியமா என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த அளவு ஃபிரேம் உங்கள் உடலுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். அளவு தவறிய சைக்கிள் எந்த விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான். கடையில் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழ்முனைவரை இறக்குங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீண்டால் சீட்டின் உயரம் ஏறக்குறைய சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலுக்குத் தேவையான மடிப்பு தானாகவே கிடைத்துவிடும். சீட்டை ஏற்றி இறக்கலாம். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள நீளத்தை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. பிரேக் பிடியின் மேல் கை வைத்திருக்கும்போது முழங்கை சற்று மடங்கியும் தோள்கள் தளர்ந்தும் இருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் அந்த ஃபிரேம் உங்களுக்கு நீளம் அதிகம். கழுத்து வலியோடுதான் பாலிக் புலாவ் போய்ச் சேருவீர்கள்.

அடுத்ததாகக் கியரைப் பாருங்கள். பழைய பந்தய சைக்கிளில் நான் தயங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தீவைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பத்து ஃபெரிங்கி தாண்டி தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக ஒரு நீண்ட ஏற்றம். பாலிக் புலாவுக்கும் தெலுக் கும்பாருக்கும் இடையில் இன்னொன்று. பந்தயத்திற்கென்று கட்டப்பட்ட பழைய சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 39 பற்களும், பின்னால் உள்ள பெரியதில் 25 பற்களும் இருக்கும். அதில் நிமிடத்திற்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். ஏற்றத்தில் அந்த வேகத்தைத் தக்கவைக்க முடியாத புதியவர், ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலை வருத்த வேண்டியிருக்கும். முன்னால் 50, 34 பற்களும், பின்னால் 11 முதல் 34 பற்கள் வரையும் உள்ள சைக்கிளில், அதே 70 சுற்றுக்கு மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஏறலாம். ஏற்றத்தில் மெதுவாகப் போகிறீர்கள் என்று எந்த நல்ல குழுவும் கோபித்துக்கொள்ளாது. பெரும்பாலான குழுக்கள் உச்சியில் காத்திருந்து எல்லாரையும் சேர்த்துக்கொண்டுதான் இறங்கும்.

எடையைப் பற்றி உங்கள் நண்பர் நிறையச் சொல்லியிருப்பார். உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையவே கூடாது. உங்கள் அலுமினிய சைக்கிள் அதைவிட மூன்று கிலோ கூடுதலாக இருந்தாலும், உங்களையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்தில் அதனால் ஏற்படும் இழப்பு நூற்றுக்கு மூன்றரை மட்டுமே. சமதளத்தில் அதை உணரவே மாட்டீர்கள். பழைய கார்பனில் இன்னொரு சங்கடமும் உண்டு. விழுந்ததாலோ, திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கியதாலோ உண்டான விரிசல், வண்ணப்பூச்சின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். முதல் உரிமையாளரை நன்கு அறிந்து, கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்து, அளவும் சரியாக அமைந்தால் வாங்கலாம். அந்த மூன்றும் ஒன்றாக அமைவது அரிது என்பதால், முன்ஃபோர்க் மட்டும் கார்பனாக உள்ள புதிய அலுமினிய சைக்கிளையே நான் பரிந்துரைப்பேன். 28 மில்லிமீட்டர் டயர் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மழையில் இறங்கும் பாதைகள் உங்களுக்கு அதிகம் என்பதால், டிஸ்க் பிரேக் கிடைத்தால் நல்லது.

நாலாயிரத்தையும் சைக்கிளிலேயே போட்டுவிடாதீர்கள். கால்பங்கை ஒதுக்கி வையுங்கள். ஹெல்மெட் புதிதாகவே வாங்கப்பட வேண்டும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உட்புறத்தில் இஎன் 1078 போன்ற தரமுத்திரை இருப்பதையும் பாருங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் அலங்காரப் பொருள்கள் அல்ல. 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டதிலிருந்து நமக்கு ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் விடிகிறது. ஆறு மணிக்குப் புறப்படும் குழு ஒரு மணி நேரம் இருட்டில்தான் ஓட்டுகிறது. மீதிப் பணத்தில் பஞ்சுவைத்த கால்சட்டை, கையுறை, இரண்டு தண்ணீர்ப் புட்டிகள், மாற்று டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்புகோல், சிறிய பம்பு ஆகியவற்றை வாங்குங்கள். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் பதினைந்து பேரைக் காக்க வைத்துக்கொண்டு கற்க வேண்டிய பாடம் அது அன்று.

கேள்வி: சென்ற மாதம் முதன்முறையாக ஒரு குழுவோடு போனேன். வேகத்தில் நான் யாருக்கும் பின்தங்கவில்லை. ஆனாலும், வழியில் ஒரு குழியைக் கண்டு பிரேக் பிடித்ததற்காகவும், என் முறை வந்தபோது முன்னால் போய் வேகமாக ஓட்டியதற்காகவும் குழுத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். இதில் என் தவறு என்ன?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: எல்லார் முன்னிலையிலும் சொன்னது அவருடைய குறை, சொன்ன விஷயம் சரியானது.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓட்டும்போது நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கு அந்த உழைப்பில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சம். தனியாக 25-இல் மூச்சு வாங்குகிறவர் குழுவுக்குள் 30-இல் ஓட்ட முடிவது இதனால்தான். இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு: பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது, உங்கள் முதுகுதான் தெரியும். அந்த வேகத்தில் அரை விநாடியில் சைக்கிள் நான்கு மீட்டருக்கு மேல் போய்விடும். உங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கும்போது நீங்கள் சட்டென்று பிரேக் பிடித்தால், அவருடைய விரல் பிரேக்கைத் தொடும் முன்பே அவருடைய சக்கரம் உங்கள் சக்கரத்தில் மோதியிருக்கும்.

ஆகவே குழுவில் வேகத்தைக் குறைக்கும் முறை வேறு. முதலில் மிதிப்பதைத் தளர்த்துங்கள். அது போதாவிட்டால் உடம்பைச் சற்று நிமிர்த்திக் காற்றைத் தடுக்கவிடுங்கள். அதற்கும் பிறகே பிரேக்கை மெல்லத் தொட வேண்டும். குழியைக் கண்டால் பிரேக் பிடிப்பதைவிட, முன்கூட்டியே கையால் சுட்டிக்காட்டி, குரல் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதே முறை. இங்குள்ள குழுக்களில் பல மொழிக்காரர்களும் இருப்பதால் “லுபாங்” என்றோ, பின்னால் கார் வந்தால் “கெரெத்தா” என்றோ குரல் வரும். அதைக் கேட்டவர் தமக்குப் பின்னால் இருப்பவருக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்ல வேண்டும். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு இது எதுவும் கேட்காது. அப்படிப்பட்டவரின் பின்னால் ஓட்ட நான் விரும்புவதில்லை.

முன்னால் போகும் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். தம்மாலும் முடியும் என்று காட்டும் ஆசை அது. ஆனால், அப்போதுதான் காற்றோடு போராடி முடித்து ஒதுங்கியவர் மூச்சு வாங்கியபடி வரிசையின் கடைசியில் சேர முயன்றுகொண்டிருப்பார். நீங்கள் வேகத்தைக் கூட்டிவிட்டால் அவர் சேரவே முடியாது, வரிசை அறுந்துவிடும். முன்னவர் ஓட்டிய அதே வேகத்தில் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பின்னால் திரும்பிப் பார்த்து, கைகாட்டி, ஒதுங்குங்கள்.

இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் சற்று விலகினால் இரு சக்கரங்களும் உரசும், விழுவது நீங்களாகத்தான் இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும் நொடியில் சைக்கிள் பின்னோக்கித் தள்ளப்படுவதால், எழும்போது பெடலில் அழுத்தம் விடாமல், ஒரு கியர் கனமாக மாற்றிக்கொண்டு எழுங்கள்.

முதல் சில வாரங்களுக்கு ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு ஓட்டினாலே போதும். பழகப் பழக நெருங்கலாம். பார்வையை முன்சக்கரத்தில் பதிக்காமல், இரண்டு மூன்று பேருக்கு அப்பால் உள்ள தோள்களைப் பாருங்கள். புதியவர்கள் அடக்கத்தால் கடைசியில் ஒட்டிக்கொள்வார்கள். அது உண்மையில் கடினமான இடம். ஒவ்வொரு வளைவிலும் முன்னவர்கள் சற்றுத் தாமதிப்பது பின்னால் வரவரப் பெருகி, கடைசி ஆள் பிரேக் பிடிப்பதும் துரத்துவதுமாக இருமடங்கு களைத்துப்போவார். நடுவில், அனுபவமுள்ள ஒருவரின் பின்னால் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வார நாள்களில் ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோட்டின்மேல் நேராக ஓட்டவும், கோடு விலகாமல் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்துத் திரும்ப வைக்கவும் பழகுங்கள். ஜூன், ஜூலையில் பாலிக் புலாவ் பக்கம் போனால், டுரியான் கடையைக் கண்டதும் சமிக்ஞை இல்லாமல் நிற்கும் கார்களுக்காகவே தனிக் கவனம் தேவைப்படும்.

கேள்வி: எனக்கு வயது 45. தனியாக 20 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நான் சேர விரும்பும் மகளிர் குழு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறது. எட்டு வாரத்தில் தயாராக முடியுமா? வேலை, வீடு எல்லாம் போக வாரத்தில் மூன்று நாள்தான் கிடைக்கும்.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முடியும், மூன்று நாளே போதும். வார நாள் இரண்டில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 25 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்றாம் வாரம் 35-ஐ எட்டி, நான்காம் வாரம் வேண்டுமென்றே 25-க்கு இறங்கி உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். அங்கிருந்து 40, 46, 52 என்று ஏறி, எட்டாம் வாரம் மீண்டும் குறைத்துக்கொண்டு, அதற்கடுத்த வாரம் குழுவோடு போகலாம். குழுவுக்குள் காற்றுத் தடை குறைவதால், தனியாக 52 ஓட்டியவருக்கு 60 எட்டாத தூரம் அல்ல.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது தூரத்தில் அல்ல, வேகத்தில். நீண்ட ஓட்டம் முழுவதையும் முழு வாக்கியம் பேசக்கூடிய மூச்சோடு ஓட்ட வேண்டும். கணக்கு வேண்டுமென்றால், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழித்தால் உங்களுடைய உச்ச இதயத் துடிப்பு தோராயமாக 176 என்று வரும். அதில் 65 முதல் 75 விழுக்காடு, அதாவது 115 முதல் 132 வரை, இந்த ஓட்டத்திற்கு உரியது. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் அதே வேகத்திற்கே நேரம் செல்லச் செல்லத் துடிப்பு ஏறும் என்பதால், கைக்கடிகாரத்தைவிடப் பேச்சை நம்புங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வார நாள் ஒன்றில் மட்டும், நான்கு நிமிடம் பேச முடியாத அளவுக்கு உழைத்து, மூன்று நிமிடம் தளர்வாக மிதித்து, இப்படி நான்கு முறை செய்யுங்கள். கனமான கியரில் அழுத்துவதைவிட, இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிக்கப் பழகினால் முழங்கால் தப்பும்.

உங்கள் பக்கம் மேடு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெனாகா பக்கம் வயல்வெளிச் சாலைகளில் மறைவே இல்லாமல் வீசும் எதிர்காற்றில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், மேட்டின் வேலையை அது செய்துவிடும்.

நாற்பதைக் கடந்தவர் என்பதால், தொடங்கும் முன் மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தின் நடுவே சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: ஒரு மணி நேரத்திற்கு மேல் சீட்டில் உட்கார முடியவில்லை. மிருதுவான சீட்டாக மாற்றலாமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம். மிருதுவான சீட்டில் எலும்பு அமிழ்ந்து, நடுவில் உள்ள மென்மையான பகுதி அழுந்தும், மரத்துப்போவது அதனால்தான். இடுப்பின் கீழ் உள்ள இரண்டு உட்காரும் எலும்புகளின் இடைவெளிக்கு ஏற்ற அகலமுள்ள சீட்டே தேவை. அந்த இடைவெளியைச் சில கடைகளில் அளந்து சொல்வார்கள். சீட்டின் உயரம் அதிகமாகி நீங்கள் இரு பக்கமும் ஆடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். பஞ்சுவைத்த கால்சட்டையின் உள்ளே உள்ளாடை அணியக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும்.

கேள்வி: குழுவில் எல்லாரும் பெடலில் மாட்டிக்கொள்ளும் காலணி அணிகிறார்கள். நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறேன்.
— வாசகி, ஜெலுத்தோங்

பதில்: முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குச் சாதாரணப் பெடலும் அடிப்பகுதி விறைப்பான காலணியும் போதும், அதற்காக உங்களை விலக்கும் குழுவில் சேராமல் இருப்பதே மேல். மாட்டும் காலணிக்கு மாறும்போது, மலைச் சைக்கிளுக்குரிய ஷிமானோ எஸ்பிடி வகையில் தொடங்குங்கள். பூட்டு காலணியின் அடியில் உள்ளடங்கி இருப்பதால் கோப்பிக்கடையில் வழுக்காமல் நடக்கலாம். விடுபடும் இறுக்கத்தையும் குறைத்து வைக்கலாம். சாலைப் பந்தய வகையான எஸ்பிடி-எஸ்எல் தான் வேண்டுமென்றால் மஞ்சள் நிறப் பூட்டை வாங்குங்கள். அதில் பாதம் 6 டிகிரிவரை அசையும், சிவப்பில் அசைவே இல்லை. நிற்பதற்கு வெகு முன்பே ஒரு காலை விடுவித்துக்கொள்ளும் பழக்கம் வரும்வரை புல்தரையில் பழகுங்கள்.

கேள்வி: நான் சைவம். ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் என்ன சாப்பிடுவது? புரதப் பொடி வேண்டுமா? இளநீர் போதுமா?
— வாசகர், நிபோங் தெபால்

பதில்: புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இட்லி மிகப் பொருத்தம், மாவுச்சத்து உண்டு, எண்ணெய் இல்லை. ரொட்டி சானாயை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதன் எண்ணெய் செரிக்க நேரமாகும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். வியர்வையில் நாம் அதிகம் இழக்கும் சோடியம் அதில் குறைவு. ஆகவே நீண்ட ஓட்டத்தில் ஒரு புட்டியில் 100 பிளஸ் போன்ற பானத்தையோ, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றையோ வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குடிப்பது என்பதற்கு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குடித்தது போகவும் ஒரு கிலோ குறைந்திருந்தால், ஒரு லிட்டர் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். புரதத்திற்குப் பருப்பு, தயிர், தௌஃபு, தெம்பே ஆகியவை போதும், பொடி கட்டாயமில்லை.

கேள்வி: மழையில் ஓட்டிய பிறகு செயின் துருப்பிடிக்கிறது. புகைமூட்டக் காலத்தில் ஓட்டலாமா?
— வாசகர், சுங்கை ஆரா

பதில்: வீட்டுக்கு வந்த அன்றே தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பின் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி செயின் எண்ணெய் விட்டு, மேலே படிந்ததைத் துடைத்துவிடுங்கள். செயின் தேய்வை அளக்கும் சிறு கருவி விலை குறைவு. 11, 12 அடுக்குக் கியர்களில் அந்தக் கருவியின் 0.5 என்ற குறியையும், அதற்குக் குறைந்தவற்றில் 0.75 என்ற குறியையும் தொட்டவுடன் செயினை மாற்றினால், விலை கூடிய பல்சக்கரங்கள் பிழைக்கும். மழையில் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். அவற்றின் மேல் வளையவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அன்று வீட்டுக்குள் பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. அசிசுல்ஹாஸ்னியைப் போல ஆக வேண்டும் என்கிறான். பிரேக் இல்லாத தளப் பந்தய சைக்கிள் வாங்கித் தரச் சொல்கிறான்.
— ஒரு தாயார், பிறை

பதில்: மலேசிய வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2017-இல் ஹாங்காங்கில் உலகப் பட்டமும், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றது கெய்ரின் பந்தயத்தில். சரிவான மரத்தளத்தில், முன்னால் போகும் மோட்டார் வண்டி ஒன்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் விலகியதும், கடைசிச் சுற்றுகளில் முழு வேகத்தில் பாயும் பந்தயம் அது. அந்தச் சைக்கிளில் பிரேக்கும் இல்லை, மிதிக்காமல் உருளவும் முடியாது. எல்லாரும் ஒரே திசையில், எதிரே வாகனம் வராத தளத்தில் ஓட்டுவதால்தான் அங்கே அது பாதுகாப்பு. பிறைச் சாலைகளில் அது பேராபத்து. அதை வாங்கித் தராதீர்கள்.

அதற்குப் பதிலாக, அளவு சரியான, இரண்டு பிரேக்கும் உள்ள சாதாரண சாலைச் சைக்கிள் ஒன்றை, வளரும் வயது என்பதால் விலை அதிகமில்லாமல், முடிந்தால் நல்ல நிலையிலுள்ள பழையதாகவே வாங்கிக் கொடுங்கள். பள்ளியிலோ மாநில அளவிலோ பயிற்றுநர் இருக்கும் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஓராண்டுக்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், நீலாயில் உள்ள தேசிய வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் தளத்தில்) ஓட்டும் வாய்ப்பைப் பற்றி அந்தப் பயிற்றுநரிடமே கேளுங்கள். தள சைக்கிளுக்கு அப்போது செலவு செய்யலாம்.